பதினைந்து வயதைக் கடந்த கார்: பராமரிப்புக் கேள்விகளும் பதில்களும்

கேள்விகளை அனுப்பிய அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 வண்டியும், அதே காலத்துச் சிறிய பெட்ரோல் கார்களும்தான் எனக்குக் கைப்பழக்கம் உள்ளவை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): 1998-ஆம் ஆண்டு மாருதி 800 வைத்திருக்கிறேன்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வகை. கோயிலுக்கும் கடைக்கும் மட்டுமே எடுக்கிறேன். ஆயில் மாற்றக் கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டரை இரண்டு வருடம் ஆனாலும் எட்டுவதில்லை. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது. கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அதை யாரும் படிப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டை அடைவதே இல்லை. எரியாத பெட்ரோலும், எரிந்ததில் பிறந்த நீராவியும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடும் வண்டியில் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். உங்கள் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பழைய வண்டியில் தேய்வதைவிட முதுமை அடைவதே அதிகம். டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், டயர் ஆகிய யாவும் ரப்பர்தான். நிழலில் நின்றாலும் அவை இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்று இருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் பூ (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) அழியவில்லையே என்று பழைய டயரை நம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகாதீர்கள். டைமிங் பெல்ட்டை முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு இன்றே மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை): பழைய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் நல்லதா?

பதில்: கெடுதல் இல்லை, ஆனால் செலவுக்கு ஏற்ற பலனும் இல்லை. 20டபிள்யூ40 என்ற தடிமன் குறியீடு உள்ள சாதாரண மினரல் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது, விலையுயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு மூன்று வருடம் மறந்துபோவதைவிட மேலானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போன இன்ஜினில் மெல்லிய சிந்தெடிக் ஆயிலை ஊற்றினால், அதுவரை வெளியே தெரியாத கசிவு தரையில் தெரியத் தொடங்கும்.

கேள்வி (ராமநாதபுரம்): ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். சமீப காலமாக வெப்பமானியின் முள் ஏறுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: போர் தண்ணீரில் உள்ள உப்பு, சுடச்சுட ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து வழியை அடைத்துவிடும். மேலும், இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியத்தால் ஆனது. உப்பு நீர் அதை உள்ளிருந்தே அரிக்கும். ஒருமுறை அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும். ஆனாலும் மாற்றுவதற்கு முன், சூடேறியதும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கிறதா, மின்விசிறி சரியான சூட்டில் சுற்றத் தொடங்குகிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியென்றால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள்; அதற்கும் அடைப்பு நீங்காவிட்டால்தான் புதிது. பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

கேள்வி (கோவை): என்னுடைய பழைய டீசல் ஜீப்பில் கரும்புகை வருகிறது.

பதில்: இன்ஜெக்டர், பம்ப் வேலை மட்டுமே செய்யும் டீசல் பட்டறையில் காட்டுங்கள். அது என் துறை அன்று.

கேள்வி (திருச்சி): இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் கார்புரேட்டர் வண்டி காலையில் இழுவை இல்லாமல் தடுமாறுகிறது. மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது விழுக்காடு கலந்ததும் அந்த அளவு 13.5-க்குப் பக்கத்தில் இறங்குகிறது. பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுகொண்டு எரிபொருளைக் கூட்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. பழைய அளவையே கொடுக்கும், கலவை மெலிந்துவிடும்; அதாவது எரிபொருள் குறைந்து காற்று மிகுந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம், வெளுத்திருந்தால் கலவை மெலிவு. அப்போது ஐடில் திருகைச் சரிசெய்து, தேவையென்றால் ஒரு அளவு பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள்.

குறுக்கீடு (சென்னை): ஐயா, வீண் பீதியைக் கிளப்ப வேண்டாம். பிரேசிலில் ஐம்பது ஆண்டுகளாக எத்தனால் ஊற்றித்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

பதில்: பிரேசில் 1975-இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது உண்மைதான். அங்கே வண்டிகளையும் அதற்கேற்பச் செய்தார்கள். எந்த விகிதத்திலும் ஓடும் கார்கள் 2003-இலிருந்து விற்பனையில் உள்ளன. நீங்கள் ஒப்பிடுவது அந்த வண்டியை. நான் பேசுவது, எத்தனால் என்ற சொல்லே பெட்ரோல் பங்கில் கேட்டிராத காலத்தில் செய்த வண்டியை. இதன் பெட்ரோல் பம்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. கார்புரேட்டருக்குள் கேஸ்கெட்டுகளும் ரப்பர் நுனிகளும் இருக்கின்றன. இருபத்தைந்து வயதான அந்த ரப்பர் இதைத் தாங்கும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்?

குறுக்கீடு (அதே அன்பர்): எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆகவே இன்ஜினுக்குள் எரிபொருள் நேரம் தப்பி எரிந்து எழும் தட்டல் சத்தம் குறையும். மைலேஜ் விழுகிறது என்பதும் வதந்திதானே?

பதில்: ஆக்டேன் பற்றிச் சொன்னது சரி, அதை மறுக்க மாட்டேன். மைலேஜ் பற்றிச் சொன்னது சரியில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் ஆறு முதல் ஏழு விழுக்காடு வரை எரிபொருள் திறன் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறது. அரசின் கணக்கை வதந்தி என்று நான் எப்படிச் சொல்வது?

குறுக்கீடு (சேலம்): அப்படியானால் எத்தனால் கலக்காத நூறு ஆக்டேன் பெட்ரோலை ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், பணம் மிகுதியாக இருந்தால். இந்த இன்ஜினுக்கு நூறு ஆக்டேன் எதற்கும் பயன்படாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியின் டாங்கில் மட்டும் அதற்கு ஒரு நியாயம் உண்டு; ஏனெனில் எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் நீரோடு சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து துருவை உண்டாக்கும். மற்றவர்கள் பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் சவ்வையும் புதிதாக மாற்றி, கார்புரேட்டரின் கேஸ்கெட், ரப்பர் பாகங்கள் அடங்கிய கிட் ஒன்று போட்டு, பெட்ரோல் ஃபில்டரை முதல் சில மாதங்களில் இருமுறை மாற்றினால் போதும். பழைய டாங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் கொட்டும் என்பதால் இதைச் சொல்கிறேன். எத்தனால் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம். பிரேக் பற்றி ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

கேள்வி (ஈரோடு): மலை இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்குகிறது. சமவெளியில் சரியாக இருக்கிறது.

பதில்: சரிசெய்யும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். டாட் 3 வகை பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதில் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும் அது, ஈரம் சேர்ந்த பின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்தச் சூடு எளிதில் வரும், திரவம் ஆவியாகும், ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. திரவத்தை முழுவதும் இறக்கிப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் உள்ள காற்றை எடுக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும். மலை ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி (வேலூர்): வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆயில் மாற்ற வேண்டுமா?

பதில்: தாம்பரத்து அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மழையில் கதவளவு தண்ணீரில் வண்டி நின்றது. வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இழுத்துச் சென்று, பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் திரவம் எல்லாமே மாற்ற வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆயிலில் கலக்கும் ஏதோ ஒரு திரவம் இன்ஜினைப் புதிதாக்கும் என்கிறார்களே?

பதில்: ஆக்காது.

கேள்வி (விழுப்புரம்): ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆயில்...

பதில்: தாம்பரம், தாம்பரம்!

கேள்வி (கடலூர்): பதினைந்து ஆண்டானால் வண்டியைப் பறிமுதல் செய்வார்களாமே?

பதில்: அந்தத் தடை தில்லித் தலைநகர்ப் பகுதிக்கு உரியது. இங்கே பதிவுச் சான்று முடிவதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். கட்டணமும் பசுமை வரியும் மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஆவடி): சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் வாங்கலாமா?

பதில்: கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு, இருக்கை, கைப்பிடி போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்குங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரேக் பாகம், ஸ்டியரிங் மூட்டு, பெல்ட், ஹோஸ் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழையதில் வாங்காதீர்கள். சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே கிடைக்கின்றன. போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், ஏனெனில் ஒரே 800-இல் ஆண்டுக்கு ஆண்டு சில பாகங்கள் மாறியிருக்கின்றன.