ஜெர்சி நிறத்தையும் சொந்த ஊரையும் ஓர் அணி மாற்றலாமா?

கேள்வி: ஐபிஎல் கிரிக்கெட், ஐஎஸ்எல் கால்பந்து போன்ற தொடர்களில் அணிகள் ஜெர்சி நிறத்தை மாற்றுவது, ஹோம் கிரவுண்டை வேறு ஊருக்குக் கொண்டுபோவது பற்றி ஒரு ரசிகராக என்ன நினைக்கிறீர்கள்? எந்த ஜெர்சி உங்களுக்குப் பிடிக்கும்?

வீரர்களை வாங்கலாம், விற்கலாம், பயிற்சியாளரை மாற்றலாம். அதெல்லாம் முதலாளியின் உரிமை. ஆனால் ஒரு நிறத்தை ஓர் ஊர் மக்கள் தங்களுடையது என்று உடுத்திக்கொண்ட பிறகு, அதை மாற்றும் உரிமை முதலாளிக்கு மட்டும் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊரை மாற்றுவது அதைவிடப் பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் ஜெர்சி.

எனக்குப் பிடித்தது சென்னையின் மஞ்சள்தான். ஊர்ப்பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அது நல்ல ஜெர்சி. நான் ஜெர்சியை மேல் கேலரியின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பதுபோல் நினைத்துத்தான் மதிப்பிடுவேன். இரவு ஆட்டம், ஃப்ளட்லைட் வெளிச்சம், பச்சைப் புல்தரை. பவுண்டரி கோட்டில் ஓடுகிறவரின் முகமோ முதுகில் உள்ள எண்ணோ தெரியாத தூரத்திலும் 'நம்ம ஆள்' என்று தெரிய வேண்டும். மஞ்சள் அதைச் செய்கிறது. ஹைதராபாத்தின் ஆரஞ்சும் செய்கிறது. 2021-ல் சென்னை ஜெர்சியின் தோளில் ராணுவ உடை போன்ற வடிவத்தைச் சேர்த்தார்கள். படைவீரர்களுக்கு மரியாதை என்ற எண்ணம் நல்லது. ஆனால் அந்த வடிவம் இல்லாத வெறும் மஞ்சளே எனக்கு அழகாகப் பட்டது.

நிறம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றியதால் நல்லது நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தான் முதலில் நீலத்தில்தான் ஆடியது, 2008-ல் முதல் கோப்பையை வென்றதும் அந்த நீலத்தில்தான். 2019-ல் இளஞ்சிவப்புக்கு மாறினார்கள். ஜெய்ப்பூரின் பழைய நகரமே இளஞ்சிவப்புதான், ஊரில் ஏற்கெனவே இருந்த நிறத்தை அணி எடுத்துக்கொண்டது. ஐபிஎல்லில் நடந்த நிற மாற்றங்களில் ஆகச் சிறந்தது இது என்பேன். கொல்கத்தா முதல் இரண்டு ஆண்டுகள் கறுப்பும் பொன்னிறமுமாக ஆடிவிட்டு 2010-ல் ஊதாவுக்குப் போனது. கறுப்பு இரவில் அமுங்கிப்போகும், ஊதா அப்படியில்லை. அப்புறம் 2012, 2014 கோப்பைகள் ஊதாவில் வந்ததும் பழைய ஜெர்சியைக் கேட்பார் இல்லை.

என் குறை நீலத்தைப் பற்றியது. மும்பை நீலம், டெல்லி நீலம், குஜராத் கருநீலம். லக்னோ 2022-ல் நீலப்பச்சை மாதிரி ஒரு வித்தியாசமான நிறத்தில் வந்தது, அடுத்த ஆண்டே அதுவும் கருநீலத்துக்குப் போய்விட்டது. இந்திய அணியும் நீலம் என்பதால் நீலம் போட்டால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று கணக்குப் போடுகிறார்களோ என்னவோ. கால்பந்தில் இரண்டு அணிகளின் உடை ஒன்றுபோல் இருந்தால் ஓர் அணி மாற்று உடை அணிந்தே ஆக வேண்டும். ஐபிஎல்லில் அந்தப் பழக்கமே இல்லை. அதனால் டெல்லியும் மும்பையும் ஆடும்போது மைதானம் முழுக்க நீலம், பேட் பிடித்திருப்பவரை வைத்துத்தான் யார் எந்த அணி என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. புது அணிக்கு உரிமம் கொடுக்கும்போதே 'இந்த நிறம் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டாமா?

ஒரு ஆட்டத்துக்கு மட்டும் போடும் சிறப்பு ஜெர்சிகளில் பெங்களூரின் பச்சைக்கு என் முழு ஆதரவு உண்டு. 2011-லிருந்து சுற்றுச்சூழலுக்காகப் போடுகிறார்கள், ரசிகர்களும் அந்த ஒரு நாளை எதிர்பார்க்கிறார்கள். புற்றுநோய் விழிப்புணர்வுக்காக குஜராத் போடும் லாவெண்டரும் சரி. ஆனால் 2023 மே மாதம் ஈடன் கார்டனில் லக்னோ செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. லக்னோ அணியின் உரிமையாளரிடம்தான் மோகன் பாகன் கால்பந்து அணியும் இருக்கிறது. அதனால் கொல்கத்தாவில் ஆடிய அன்று லக்னோ வீரர்கள் மோகன் பாகனின் பச்சை-மெரூன் நிறத்தில் இறங்கினார்கள். கொல்கத்தாக்காரர்கள் மனதைத் தொட நினைத்திருக்கலாம். லக்னோவில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பையன் யாரைத் தன் அணி என்று நினைப்பான்?

இனி ஊருக்கு வருகிறேன். நிறமும் ஊரும் சேர்ந்தால்தான் அணி என்பதை எனக்குப் புரியவைத்தது புனே அருகில் கஹுஞ்சேயில் உள்ள மைதானம். சென்னை அணி இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டபோது தோனி புனே அணிக்குப் போனார். 2017-ல் அந்த அணியின் ஹோம் ஆட்டங்கள் கஹுஞ்சேயில் நடந்தன. நல்ல அணி அது. இறுதி ஆட்டம் வரை வந்து மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்தேன், ரசித்தேன். தோனி சிக்ஸர் அடித்தால் சந்தோஷம். ஆனால் அணி தோற்றால் தூக்கம் கெடவில்லை. சென்னை தோற்றால் எனக்குக் கெடும்.

அடுத்த ஆண்டு சென்னை திரும்பி வந்தது. 2018 ஏப்ரல் 10-ல் சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஒரு ஆட்டம். அப்போது காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஊரில் அவ்வளவு பெரிய பிரச்சினை ஓடும்போது கிரிக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் காலணிகள் வந்து விழுந்தன. மீதி ஹோம் ஆட்டங்கள் சென்னையிலிருந்து எடுக்கப்பட்டன. எங்கே போயின? அதே கஹுஞ்சே.

அதே மைதானம், அதே தோனி, ஆனால் இப்போது மஞ்சள். புனேயில் முதல் ஆட்டமான ராஜஸ்தான் ஆட்டத்துக்கு சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சிறப்பு ரயில் போனது. 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மெரினாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஒரு கேலரி அன்று மஞ்சளாக இருந்தது. வாட்சன் 106 ரன் அடித்தார். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. முந்தைய ஆண்டு அதே இடத்தில் அதே ஆளைப் பார்த்தபோது வராத உணர்வு இப்போது எப்படி வந்தது? அந்த நிறத்தை உடுத்தியவர்கள் பயணம் செய்து கூடவே போனார்கள், அதுதான் வித்தியாசம். அதற்காக ஊர் தேவையில்லை என்று ஆகிவிடாது. சேப்பாக்கத்தில் பல ஆண்டுகள் சேர்ந்த கூட்டம் இல்லாவிட்டால் அந்த ரயிலில் ஏற ஆள் இருந்திருக்காது.

இந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு அதிகம் வருத்தம் தருவது பஞ்சாப் அணி. மொஹாலி, தரம்சாலா, நடுவில் இரண்டு ஆண்டுகள் இந்தூர், 2024-லிருந்து முல்லன்பூர். இந்தூர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது! பெயரில் பஞ்சாபை வைத்துக்கொண்டு வேறு மாநிலத்தில் 'ஹோம்' ஆட்டம் ஆடினால் உள்ளூர் கூட்டம் எப்படிப் பழகும்? ராஜஸ்தான் சில ஆட்டங்களை குவாஹாட்டிக்குக் கொண்டுபோவதை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன். வடகிழக்குக்கு என்று ஐபிஎல் அணி இல்லை. அங்கே உள்ளவர்களும் நேரில் பார்க்க வேண்டும்.

கொச்சிக்கு 2011-ல் ஒரு கிரிக்கெட் அணி வந்தது. ஒரே சீசன், அதோடு கலைத்துவிட்டார்கள். அந்த அணி ஆடிய நேரு ஸ்டேடியத்தில்தான் 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆடத் தொடங்கியது. ரசிகர் கூட்டத்துக்கு 'மஞ்சப்படா' (மஞ்சள் படை) என்றே பெயர். ஊர் தயாராகத்தான் இருந்தது, கிரிக்கெட் அணிக்குத்தான் காத்திருக்க நேரமில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கால்பந்தில் 'சென்னையின் எஃப்சி' அணி நீலம், மஞ்சள் எதிரணியின் நிறம். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கேரளாவுடன் ஆட்டம் நடக்கும்போது சேப்பாக்கத்து மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனால் தப்பான பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரே ஊர், இரண்டு நிறம், இரண்டுக்கும் உயிரைக் கொடுக்கும் ஆட்கள். எந்த விளம்பர நிறுவனமும் இதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது.

தமிழ்நாட்டு கிரிக்கெட் தொடரான நம்முடைய டிஎன்பிஎல்லிலும் அணிகள் ஊர் மாறும் குறை இருக்கிறது. திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கிய அணி காஞ்சி வீரன்ஸ் ஆனது, பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. 2016-ல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணி இப்போது சேலம் அணி. காரைக்குடி திருப்பூராகிவிட்டது. அந்த முதல் ஆண்டில் ஆட்டங்கள் சென்னை, நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நடந்தன. தூத்துக்குடிக்காரர் தன் ஊர் அணியைத் தன் ஊரில் ஒரு தடவைகூடப் பார்க்காமலே அந்த அணி கோப்பையும் வென்று, பிறகு காணாமலும் போய்விட்டது. மாவட்டத்துப் பையன்களுக்கு வாய்ப்புத் தரும் அருமையான தொடர் இது, அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

வெளிநாட்டில் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 1984-ல் பால்டிமோரின் அமெரிக்கக் கால்பந்து அணியை இரவோடு இரவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபோலிஸுக்குக் கொண்டுபோனார்கள். வேல்ஸில் கார்டிஃப் சிட்டி அணிக்கு 'நீலப் பறவைகள்' என்று செல்லப்பெயர். அதன் உரிமையாளர் 2012-ல் ஜெர்சியைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை, 2015-ல் நீலம் திரும்பி வந்தது. லண்டனின் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002-ல் அனுமதி கிடைத்தபோது ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புது அணியைத் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி 2011-ல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். நம் நாட்டிலும் மோகன் பாகன் ரசிகர்கள் சாதித்தார்கள். 1889-ல் பிறந்த கிளப்பின் பெயருக்கு முன்னால் 2020-ல் ஏடிகே என்று இன்னொரு கொல்கத்தா அணியின் பெயரை ஒட்டினார்கள். பச்சை-மெரூன் ஜெர்சி அப்படியே இருந்தும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2023-ல் அந்த ஒட்டு போனது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே நடந்திருக்கிறது. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை உரிமையாளர் 1996-ல் பால்டிமோருக்குக் கொண்டுபோனபோது பெயர், நிறம், வரலாறு எல்லாம் கிளீவ்லாண்டிலேயே இருக்கும் என்று ஒப்பந்தம் ஆனது. வீரர்கள் மட்டும் போனார்கள், அங்கே வேறு பெயரில் ஆடினார்கள். 1999-ல் கிளீவ்லாண்டில் அதே பெயரில், அதே பழுப்பு-ஆரஞ்சில் புது அணி வந்தது. 2008-ல் சியாட்டிலின் கூடைப்பந்து அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோதும் சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை-பொன்னிறமும் ஊருக்கே விடப்பட்டன.

இந்திய லீக்குகளின் உரிம ஒப்பந்தத்தில் இதே மாதிரி ஒரு பிரிவு வேண்டும். அணி போனாலும் கலைந்தாலும் பெயரும் நிறமும் அந்த ஊரிலேயே நிற்கட்டும், அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். ஐபிஎல்லில் ஏழு ஹோம் ஆட்டங்கள் என்றால் குறைந்தது ஐந்து ஆட்டங்கள் அணியின் பெயரில் உள்ள ஊரிலோ மாநிலத்திலோ நடக்க வேண்டும். 2018 மாதிரி தவிர்க்க முடியாத காரணத்தால் ஆட்டம் வேறு ஊருக்குப் போனால், சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் ரயில் விடுங்கள்.