தேக்குத் தூணும் ஊருணித் தண்ணியும்: செல் பற்றி டீச்சரிடம் கேட்டவை

பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் விடுவதில்லை. உயிர்களின் உடலைக் கட்டும் சிற்றலகான செல் (உயிரணு) பற்றி இந்த மாதம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு வருமா என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை.

காரைக்குடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: டீச்சர், வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன். வெறும் கட்டம் கட்டமாத்தான் இருக்கு. செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா, கோல்கை மாதிரி உறுப்பு எதுவுமே தெரியல. என்ன தப்பு பண்ணினேன்?

ஒரு தப்பும் இல்லை கண்ணு. புத்தகத்தில் இருக்கிற அந்த வண்ணப் படத்தைப் போல ஒரு செல்லை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பல கருவிகளில், பல செல்களில் பார்த்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வரைந்த படம் அது. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் வேலை செய்வது வெளிச்சத்தை வைத்து. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமாக இருக்கிற இரண்டு புள்ளிகள் அதில் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. மைட்டோகாண்ட்ரியா எல்லைக்கு மேலேதான், ஆனால் சாயம் ஏற்றாவிட்டால் கண்ணாடிக்குள் கண்ணாடி மாதிரி மறைந்துவிடும்.

செல்லை நடத்தும் மையமான உட்கரு தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார். செல்லின் ஓரமாக ஒதுங்கி, பழுப்பு மஞ்சளாக நிற்கும். நடுவில் பெரிய நீர்ப்பை இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் அது ஓரத்துக்குப் போகிறது. மேல் சருகை எடுக்காதே. சதையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஈரமான, மெல்லிய சவ்வை உரி. சின்ன வெங்காயத்தில் உரிப்பது கஷ்டம், பல்லாரி நல்லது. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்கு. இல்லாவிட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழியை வரைந்து "உட்கரு" என்று பெயர் எழுதிய நோட்டுகளை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மா தேக்கு. நூறு வருஷம் ஆன மரத்திலும் செல் இருக்குமா?

இருக்கிறது ஐயா, ஆனால் காலி வீடாக. 1665-இல் ராபர்ட் ஹூக் லண்டனில் பார்த்ததும் காலி வீட்டைத்தான். தக்கையை மெல்லியதாகச் சீவி லென்ஸில் வைத்தார். வரிசை வரிசையாகச் சிற்றறைகள் தெரிந்தன. அதனால்தான் அறை என்று பொருள்படும் 'செல்' என்ற பெயரை வைத்தார். அவர் கண்ட அறைகளுக்குள் உயிர் இல்லை, சுவர் மட்டும்தான்.

உங்கள் தூணிலும் அதே கதைதான். வைரம் பாய்ந்த பகுதியில் இருக்கிற செல்கள் மரம் பர்மாக் காட்டில் நின்றபோதே செத்துவிட்டவை. வெளிப்பக்கத்து மென்மையான மரமான வெளிறில் மட்டும் கொஞ்சம் உயிருள்ள செல்கள் இருந்திருக்கும். நாம் உறுதி என்று மெச்சுவதெல்லாம் செத்த செல்கள் விட்டுப்போன சுவர்களைத்தான். அதற்காகத் தூணை அறுத்துவிடாதீர்கள்! ஆசாரி பட்டறையில் குறுக்காக அறுத்த தேக்குத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். புது பிளேடால் ஒரு பக்கத்தைச் சீவி, நனைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வளைய வளையமாகத் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையும் தண்ணீர் ஏறிய குழாய். செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைச்சுவர் கரைந்ததால் உண்டானது.

தேவகோட்டை, ஆச்சி ஒருவர்: முட்டையே ஒரு செல்லுங்கறான் பேரன். நம்ம வீட்டுச் சுவத்துக்கு வெள்ளைக்கரு சேர்த்துல்ல பூசினாக. அப்ப அதெல்லாம் செல்லா?

இல்லை ஆச்சி. மஞ்சள்கருதான் செல். அது சூலகத்திலிருந்து விடுபட்டு வருகிற வழியில் சுற்றிப் பூசப்பட்ட புரதம்தான் வெள்ளைக்கரு. ஓடு அதற்கும் பிறகு. சுவரின் பளபளப்புக்குச் சேர்ந்தது வெறும் புரதம். மஞ்சளின் மேல் வெளிறிய ஒரு புள்ளி இருக்கும், உட்கரு இருக்கும் இடம் அது. பேரனோடு பந்தயம் கட்டுவதானால் முட்டையைப் பார்த்துக் கட்டுங்கள். சேவல் சேராத பண்ணை முட்டை என்றால் அவன் ஜெயிப்பான். சேவலோடு திரிகிற நாட்டுக்கோழி முட்டை என்றால் இடும்போதே அந்தப் புள்ளி பல ஆயிரம் செல்லாகப் பிரிந்திருக்கும், நீங்கள் ஜெயிப்பீர்கள்.

கல்லூரி மாணவர், முதலாம் ஆண்டு: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உயிரோடு இருக்கும் செல்லைப் பார்க்க முடியுமா மேடம்?

வழக்கமான முறையில் முடியாது. வெளிச்சத்துக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் கருவி அது. உள்ளே வெற்றிடம், ஈரமான செல் தாங்காது. அதனால் முதலில் வேதிப்பொருளால் செல்லின் அமைப்பு மாறாமல் அப்படியே நிலைநிறுத்தி, நீரை எடுத்து, பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் (0.1 மைக்ரானுக்கும்) மெல்லியதாகச் சீவி, கன உலோக உப்பால் சாயம் ஏற்றுவார்கள். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம். வண்ணம் பிறகு சேர்ப்பது. 1931-இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள், ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்தது 1986-இல்!

உயிரோடு பார்க்க வேறு வழி உண்டு. ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சையாய் ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் செல்லுக்குள் சேர்த்தால், வேண்டிய புரதம் எங்கே நகர்கிறது என்று ஒளிர்ந்து காட்டும். இதற்கு 2008-இல் நோபல். அடுத்த வருஷம் ரைபோசோமுக்காகப் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் சிதறும் விதத்தைக் கொண்டு அணு அணுவாக அமைப்பைக் கணக்கிட்டார்கள்.

திருப்பத்தூர், இல்லத்தரசி: உப்புப் போட்ட மாங்காய் ஏன் சுருங்குகிறது?

செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் போய்விடுகிறது. வெங்காயத்திலேயே பார்க்கலாம். சிவப்பு நிறமுள்ள மேல்தோலை ஸ்லைடில் வைத்து உப்புத் தண்ணி விட்டால், ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவில் குறுகும். உடனே நல்ல தண்ணி விட்டால் பழையபடி விரியும். விரியாவிட்டால் அந்தச் செல் செத்திருக்கிறது என்று அர்த்தம்.

புதுவயல், ஆறாம் வகுப்புப் பையனின் அப்பா: மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுக்கலாமா? என்ன பார்க்க வைப்பது?

விலை அதிகமானது வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு செய்த ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப் சுமார் 140 மடங்கு காட்டும். ஆரம்பத்துக்கு அது போதும். ஊருணித் தண்ணி அரை டம்ளர் எடுத்து, அதில் கொஞ்சம் வைக்கோல் போட்டு நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். நாறும், வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேல்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் செருப்பு வடிவில் பாரமீசியம் ஓடலாம். ஒரே செல், ஆனால் நீந்தும், தின்னும், உள்ளே சேரும் தண்ணீரைச் சுருங்கிச் சுருங்கி வெளியேற்றும். சாயம் வேண்டாம், செத்துப்போகும். ரொம்ப வேகமாக ஓடி ஏமாற்றினால் சொட்டுக்குள் இரண்டு பஞ்சு இழை போடுங்கள், இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு சற்று நின்று போகும். கை கழுவச் சொல்ல மறக்காதீர்கள்.