காய்கறித் தோட்டத்தில் தினமும் அதே வேலையைச் செய்வது சலிக்காதா?

ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டுவிட்டு சனி, ஞாயிறு மட்டும் போய் வருகிறவர் போலிருக்கிறது நீங்கள். தோட்டத்திலேயே கிடப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். ஐம்பது சென்ட்டில் வெண்டை, ஓரமாகக் கொஞ்சம் கத்தரி. சலிக்கிற வேலை இல்லை என்று சொல்ல மாட்டேன். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் துளை துளையாகத் தட்டிக்கொண்டே போவது பரம எரிச்சல். ஆனால் காய் பறிக்கிற நாள் வேறு.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பக்குவத்துக்கு வரும், விட்டால் நார் ஏறிவிடும். விடிந்ததும் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, கையில் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். சுணை பட்டால் அரிப்பு லேசில் அடங்காது. புதிதாக வருபவர்கள் பிஞ்சா முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடித்த காயை மண்டியில் கழித்துவிடுவார்கள். எனக்குக் காம்பைத் தொட்டதுமே தெரிந்துவிடும். கை பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்க, கண் அடுத்த செடியில் எத்தனை பூ என்று பார்க்கும். இலை நரம்பு மஞ்சளாக ஓடியிருந்தால் தேமல் நோய். அங்கேயே பிடுங்கிவிடுவேன், இல்லையென்றால் வெள்ளை ஈ அதைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்விடும். இவ்வளவையும் யாரும் சொல்லாமல் கையும் கண்ணுமே செய்கிறது பாருங்கள், அதில்தான் எனக்குச் சந்தோஷம்.

'விலை இல்லாமல் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்கள், இவருக்கு என்ன சந்தோஷம்?' என்று ஒருவர் கிளம்பி வருவார். தெரியுங்க. எங்கள் சந்தைக் காய் நிறைய கேரளாவுக்குப் போகிறது. ஓணத்துக்கு முன்னால் விலை ஏறும், அப்புறம் படுத்துவிடும். கமிஷன், வண்டி வாடகை போக, பறிப்புக் கூலிக்கே கட்டாத நாளும் உண்டு. உழவர் சந்தையில் கமிஷன் மிச்சம்தான், ஆனால் காலைப்பொழுது முழுக்க அங்கேயே போய்விடும். சந்தோஷம் என்றுதான் சொன்னேன், லாபம் என்று சொல்லவில்லை.

உண்மையில் என்னைச் சலிக்க வைப்பது சொந்தக்காரர்கள். 'நீ தோட்டத்துலதானே இருக்க, சும்மாதானே?' மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, திருப்பூரில் இருக்கிற கொழுந்தனாருக்குப் பட்டா நகல் எடுத்துக் கொடுப்பது, யார் வீட்டு விசேஷமானாலும் முதல் நாளே போய் நிற்பது எல்லாம் என் தலையில். கம்பெனிக்குப் போகிற ஓரகத்தியிடம் யாராவது லீவு போடச் சொல்கிறார்களா? 'இன்னிக்குப் பறிப்பு, வர முடியாது' என்று நான் சொன்னால் மட்டும் திமிராம். போன மாதம் ஒரு வளைகாப்புக்கு அரக்கப் பரக்கப் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே 'காய் கொண்டாரலையா?' என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். வாரம் ஒருமுறை வருகிறவருக்கு வெண்டை ஒத்துவராது. முருங்கை வையுங்கள், ஒரு வாரம் தள்ளிப் போனாலும் கோபித்துக்கொள்ளாது.