எடை குறைந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் முன் டயருக்கும் பின் டயருக்கும் உரிய அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். தொடங்க வேண்டிய இடம் அதுதான். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. அது அந்த டயருக்குரிய உச்ச வரம்பே தவிர, உங்கள் வண்டிக்கான பரிந்துரை அன்று.

இரண்டரை டன் எடையுள்ள பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் சொல்லும் 38, 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவை, ஒரு டன்னைச் சற்றே தாண்டும் வண்டிக்கு அப்படியே வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1,200 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 300 கிலோ இறங்குகிறது. உதாரணத்துக்கு 26 பிஎஸ்ஐ வைப்பதாகக் கொள்வோம். அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.83 கிலோ என்பதால், அந்த எடையைத் தாங்க டயர் சுமார் 164 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் பதிய வேண்டும். அதையே 40 பிஎஸ்ஐ ஆக்கினால் பதியும் பரப்பு 107 ஆகச் சுருங்கிவிடும். பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைச் சுமப்பதால் இது துல்லியமான கணக்கு அன்று. ஆனால் போக்கு இதுதான். காற்று மிகுந்த டயரில் வண்டி சிறு மேடுகளிலும் துள்ளும், பிடிமானம் குறையும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துபோகும். காற்று குறைந்தாலோ இரு ஓரங்களும் தேய்வதோடு, பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். வேகமாக ஓடுகையில் டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடே பெரும்பாலும் காரணம் என்பதால், இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் குறைவைத்தான் சொல்வேன்.

கம்பெனி கொடுத்த டயரை மாற்றி, கனமான எல்.டி. வகை (லைட் டிரக், அதாவது சிறு சரக்கு வண்டிகளுக்கான) டயரைப் போட்டிருந்தால் அட்டவணை மட்டும் போதாது. அத்தகைய டயருக்கு அதே எடையைச் சுமக்கச் சற்றுக் கூடுதல் காற்று தேவைப்படும் என்றாலும், இலகுவான வண்டியில் அது சில பிஎஸ்ஐ வித்தியாசம்தான். சரியான அளவைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு: வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்து அளந்துகொண்டு, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே மறுபடியும் அளக்க வேண்டும். சாதாரண டயரில் சுமார் 4 பிஎஸ்ஐ, எல்.டி. டயரில் 6 வரை கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் கூடினால் காற்று குறைவு. மிகக் குறைவாகவே கூடினால் காற்று அதிகம். அனுபவத்தில் வந்த விதிதான், ஆனால் நன்றாகவே உதவுகிறது. சூடான டயரில் கூடியிருக்கும் அழுத்தத்தை மட்டும் இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்ததும் அது தேவைக்குக் கீழே போய்விடும்.

பின்பக்கம் ஆட்களும் சாமான்களும் ஏறினால், அட்டவணையில் முழுச் சுமைக்கெனக் கொடுத்திருக்கும் அளவுக்குப் பின் டயர்களை உயர்த்த வேண்டும்.

மணலுக்கு வேறு கணக்கு. 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் மேற்சொன்ன 164 சதுர சென்டிமீட்டர் 285 அளவுக்கு விரியும். பலரும் டயர் அகலமாவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் நீளவாக்கில்தான் படர்கிறது, மணலில் புதையாமல் மிதப்பதும் அதனால்தான். எடை குறைந்த வண்டிக்கு 15 போதவில்லை என்றால் இன்னும் சற்று இறக்கலாம். ஆனால் 12க்குக் கீழே போனால், வளைவில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் அதிகம். அந்த நிலையில் மெதுவாக ஓட்டுவதும், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் இருப்பதும் கட்டாயம். கெட்டியான சாலையில் ஏறியதும் காற்றை நிரப்ப வேண்டும் என்பதால், கம்ப்ரஸர் கையில் இல்லாமல் காற்றை இறக்குவதில் அர்த்தமில்லை. ஸ்டெப்னியை மட்டும் எப்போதும் முழுச் சுமைக்குரிய அளவில் வைத்திருங்கள். வழியில் காற்றை இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் கடினம்.