மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா?

(செல் வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: முதுகலை மாணவி நான். ஒரு மூலிகைச் சாற்றை மார்பகப் புற்றுநோய் செல்களில் எம்டிடி முறையில் (உயிருள்ள செல்களைச் சாய நிறத்தால் மதிப்பிடும் முறை) சோதிக்கிறேன். சாற்றின் அளவு கூடக்கூடச் செல்கள் குறைய வேண்டும். எனக்கோ அதிகமாவதாகக் காட்டுகிறது. மூன்று முறையும் இதே கதைதான். எங்கே தப்பு?

கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். கருவி காட்டும் எண்ணைப் படிப்பதற்கு முன், செல் வளரும் குழித்தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தீர்களா? சாறு அதிகம் விட்ட குழிகளில் செல்கள் உருண்டு, தரையை விட்டுக் கழன்று மிதந்தால் அவை செத்துக்கொண்டிருக்கின்றன. பொய் சொல்வது எண்தான்.

எம்டிடி செல்களை எண்ணுவதில்லை. அந்த மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்லின் நொதிகள் ஃபார்மசான் என்ற ஊதாப் பொருளாக மாற்றுகின்றன. 570 நானோமீட்டரில் நாம் அளப்பது அந்த ஊதாவை. மூலிகைச் சாறுகளில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள், வைட்டமின் சி எல்லாம் செல்லின் உதவியே இல்லாமல் இதே வேலையைச் செய்துவிடும். சாறு கூடினால் ஊதாவும் கூடும். கருவி அதைச் செல் என்று நம்பிவிடும்.

சரிபார்ப்பது சுலபம். செல்லே இல்லாத நாலு குழிகளில் மீடியம் (செல் வளரும் சத்துத் திரவம்), சாறு, எம்டிடி மட்டும் ஊற்றி வையுங்கள். ஊதா வந்தால் குற்றவாளி அகப்பட்டாச்சு. அப்புறம் ஒவ்வொரு முறையும் சாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உப்புக் கரைசலால் ஒரு முறை கழுவி, புது மீடியத்தில் எம்டிடி போடுங்கள். கழுவும்போது பிப்பெட் முனை குழியின் சுவரோரம் சாய்ந்திருக்கட்டும். நடுவில் பீய்ச்சினால் உயிரோடு ஒட்டியிருக்கும் செல்லும் பெயர்ந்து வந்துவிடும். டிரைபான் நீலம் என்ற சாயத்தில் ஒரு எண்ணிக்கையும் எடுத்து வையுங்கள். செத்த செல் மட்டும் நீலமாகும். அங்கே சாற்றின் தந்திரம் எடுபடாது.

சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழிகளும் வேண்டும். இதை மறந்துவிட்டு வருபவர்களை வருஷத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

கேள்வி: மீடியம் ஏன் சிவப்பாக இருக்கிறது? செல்லுக்கு அந்த நிறம் தேவையா?

செல்லுக்குத் தேவையில்லை, நமக்குத்தான். அது ஃபீனால் ரெட், அமில-கார நிலையை நிறத்தால் சொல்லும் காட்டி. செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டக்கொட்ட மஞ்சளாகும். செல்களை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனால் ஊதா கலந்த சிவப்பாகும். காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

கேள்வி: மைக்கோப்ளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனையை மாதாமாதம் செய்யச் சொல்கிறார்கள். மீடியம் கலங்காமல் தெளிவாக இருந்தால் போதாதா?

போதாது. இதற்கு நானே சாட்சி. ஆய்வு மாணவியாக இருந்தபோது, செல் படலத்தில் பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழித்து, அந்த இடைவெளி எத்தனை மணி நேரத்தில் மூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் நாளுக்கு நாள் குறைந்தது. மீடியத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறை சொன்னேன், மாற்றினேன். இன்குபேட்டரைத் திட்டினேன். மீடியம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நாலு மாதம் கழித்து, மனம் வெறுத்து, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்த்தேன். உட்கரு நீலமாக ஒளிரும், சுற்றிலும் இருட்டாக இருக்க வேண்டும். என் செல்களிலோ உட்கருவைச் சுற்றி மாவு தூவியது போல நுண்ணிய நீலப் புள்ளிகள். எல்லாம் மைக்கோப்ளாஸ்மா.

வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து அன்பளிப்பாக வந்த செல் அது. சோதிக்காமல் வாங்கிப் பக்கத்துத் தட்டில் வைத்தது நான். அத்தனையும் நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போனது.

மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில்கூட நழுவிவிடும். மேலே சொன்ன மைக்ராஸ்கோப் வித்தையும் இங்கே பலிக்காது. சாயம் போடாமல் கண்ணுக்குத் தெரியாது. அதன் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை அரை நாள் வேலை. செய்துவிடுங்கள்.

கேள்வி: புற்றுநோய் செல்லுக்குச் சாவே இல்லையாமே?

பிரிவதற்கு எல்லை இல்லை என்பதே சரி. சாதாரண மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் 50 முறை போலப் பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961ல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் தேய்கிறது. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் டெலோமரேஸ் நொதியால் அதை மறுபடி நீட்டிக்கொள்கின்றன. 1951ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த ஹீலா செல்கள் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன. வேறு செல் என்று நம்பி வளர்த்த பல வரிசைகள் உண்மையில் ஹீலாவே என்று 1966ல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் சொன்னபோது பலருக்கும் அது கசந்தது.

மற்றபடி அதே ஹீலாவை மீடியம் மாற்றாமல் இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் செத்து மிதக்கும்.