பொஜொலே ஒயினில் பழ வாசனை ஏன் தெரிவதில்லை?

பொஜொலே என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் லேபிளில் செர்ரி, ராஸ்பெர்ரி என்று போட்டிருக்கிறது, வாயில் வைத்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சூடுதான் காரணம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டு வீடுகளுக்கு உரியது. 28 டிகிரியில் எந்த ஒயினும் நெடியடிக்கும். பொஜொலேவுக்கு 12 முதல் 14 டிகிரி போதும். குடிப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்காக ஐஸ் போலக் குளிர வைத்தால் வாசனை அடங்கி, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

பொஜொலே, கமே என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் செய்வது. கொத்தைப் பிழியாமல் அப்படியே தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் நசுங்கிய பழம் நொதித்துக் கரியமில வாயு நிரம்ப, மேலே உள்ள பழங்கள் உடையாமலே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்கும். துவர்ப்பு குறைந்து பழ மணம் தூக்கலாக வருவது இதனால்தான். சிலவற்றில் வாழைப்பழ வாசனைகூட வரும், அது கெட்டுப்போனதல்ல.

வாய் குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகருங்கள். ஒரு மிடறை நாக்கில் நிறுத்தி, உதட்டிடுக்கால் லேசாகக் காற்றை உறிஞ்சுங்கள். அப்போதுதான் செர்ரி மேலெழும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டது, காத்திருந்து பயனில்லை.

நவம்பரில் வரும் நூவோவை, அதாவது அந்த ஆண்டு அறுவடையில் செய்த புது பொஜொலேவை, சில மாதங்களுக்குள் குடித்துவிடுங்கள். மோர்கோன், மூலன்-ஆ-வான் என்ற பொஜொலே வகைகள் பல வருடம் தாங்கும்.