கிணற்றுக்காரருக்கு முதலில் சொல்லுங்கள்

கேள்வி: பரங்கிப்பேட்டை பக்கத்துக் கடலோர ஊர்களில் கிணறு, அடிபம்பு, போர் தண்ணீரைச் சோதித்து ஆய்வேட்டை முடித்துவிட்டேன். முடிவுகளை ஊர் மக்களுக்குத் தமிழில் எழுத ஆசை. ஆனால் கட்டுரை இன்னும் ஆய்விதழில் வரவில்லை. எப்படி எழுதுவது? இப்போதே சொல்லலாமா?
— ஆய்வு மாணவி, கடலூர்

பதில்: முதலில் சராசரியைத் தூக்கிப் போடுங்கள். ஒரு தெருவில் மூன்று கிணறு என்று வைத்துக்கொள்வோம். கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 400, 500, 2,700 மில்லிகிராம். சராசரி 1,200. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். உங்கள் 1,200-ஐப் படிக்கிறவர் ‘பரவாயில்லையே’ என்று போய்விடுவார். மூன்றாவது வீட்டுக்காரரோ எல்லை தாண்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார். ஆய்வேட்டில் சராசரி இருக்கட்டும். ஊருக்கு எழுதும்போது எத்தனை கிணறு பார்த்தீர்கள், அதில் எத்தனை 2,000-ஐத் தாண்டின என்று எண்ணிச் சொல்லுங்கள்.

எந்த மாதம் எடுத்த தண்ணீர் என்பதும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். கடலூருக்குப் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜனவரிக் கிணறும் மே மாதக் கிணறும் ஒன்றல்ல. இதை ஊர்க்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். மாதத்தைச் சொல்லாத கட்டுரையை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

கண்டது வேறு, ஊகம் வேறு. குளோரைடு (உப்பில் இருக்கும் ஒரு பொருள்) கூடியிருப்பது நீங்கள் கண்டது. இறால் குட்டையால் கூடியது என்பதை உங்கள் அளவீடு மட்டும் காட்டிவிடாது. மோட்டார் போட்டு அதிகம் இறைத்ததால் கடல் நீர் உள்ளே ஏறியிருந்தாலும் குளோரைடு கூடத்தான் செய்யும். இங்கே ஒரு வார்த்தை தவறினால் ஊரில் சண்டை மூளும்.

இதழ் விஷயம்: சில இதழ்கள் முன்கூட்டிய விளம்பரத்தை விரும்புவதில்லை. அவற்றின் விதியைப் படித்து, நெறியாளரிடமும் கேட்டுவிடுங்கள். ஆனால் கிணற்றுச் சொந்தக்காரரிடம் அவர் கிணற்றின் அளவைச் சொல்வது விளம்பரம் ஆகாது. தண்ணீர் கொடுத்தவருக்கு அது நாம் பட்ட கடன். வீடு வீடாகப் போய்த் தனித்தனிச் சீட்டாகக் கொடுங்கள். பொதுக் கட்டுரையில் பெயரும் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம்.

‘கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடுமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். ஆகாது. கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் கூடும். என்னைக் கேட்டால், இந்த இரண்டு வரி உங்கள் வரைபடங்கள் எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பயன்படும்.

மே 1 கிராம சபைக்கு ஒற்றைத் தாள் போதும். அதற்கு முன் அந்த ஊர் அக்கா ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ‘அப்படின்னா என்னம்மா?’ என்று அவர் நிறுத்துகிற இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.